பழைய படைத்துப்பாக்கிகளும் அவற்றின் இலக்கங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, குடியேற்றக்காரர் மேற்கு நோக்கிப் பரவப் பரவப் பூர்வ குடிகளோடு போர் ஓயாதிருந்த காலத்தில், அமெரிக்கப் படையினர் இடுப்பில் தாங்கிய சுழல் துப்பாக்கிகளைத் தேடிச் சேகரிப்போர் அந்நாட்டில் பலர் உளர். மெருகிட்டுப் பளபளக்கும் ஒன்றையும், கறுத்துத் தேய்ந்த ஒன்றையும் அவர்கள்முன் வைத்தால், பெரும்பாலும் கறுத்ததையே கையிலெடுப்பர். அவர்கள் தேடுவது அழகையன்று, அடையாளத்தை.

இத்துப்பாக்கிகளுள் தலையாயது 1847ஆம் ஆண்டின் 'வோக்கர்' ஆகும். மெக்சிக்கோப் போரில் ஈடுபட்டிருந்த கப்டன் சாமுவேல் வோக்கர் யோசனை கூற, சாமுவேல் கோல்ற் அதனை அமைத்தார். கோல்ற்றுக்கு அப்போது சொந்தத் தொழிற்சாலை இல்லாமையால் வேறொருவரின் தொழிற்சாலையிலேயே அது உருவாயிற்று. எடை நாலரை இறாத்தல்! குதிரைமீது வைத்துக் கொண்டு செல்வதற்கன்றி, மனிதன் இடுப்பில் தாங்குவதற்கு ஏற்றதன்று. ஒவ்வோர் அறையிலும் அறுபது கிரெயின் வெடிமருந்து இடப்பட்டமையால் சிலவற்றின் உருளைகள் வெடித்துச் சிதறின. வோக்கரும் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே போர்க்களத்தில் மாண்டார். படைக்கென 1,000 துப்பாக்கிகளும், பொதுமக்களுக்கென 100 துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. அந்த நூறினுள் ஒன்று, தனக்குரிய பெட்டியுடன், 2018இல் 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று.

ஆயினும் சேகரிப்போரின் அறிவை உண்மையிற் சோதிப்பது 1873இல் படை ஏற்றுக்கொண்ட கோல்ற் துப்பாக்கியே. ஏழரை அங்குலக் குழலையுடைய இதனைப் படையினர் ஏறத்தாழ 37,000 அளவில் வாங்கினர். (1875 முதல் சிமித் அன்ட் வெசன் கம்பனியின் 'ஸ்கோபீல்ட்' துப்பாக்கியும் வாங்கப்பட்டது. ஆனால் கோல்ற்றின் நீண்ட தோட்டா அதற்குப் பொருந்தாமையால் அது நிலைக்கவில்லை.) கோல்ற்றின் உடற்சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டது. அரசாங்கப் பரிசோதகர் தம் பெயரின் முதலெழுத்துகளை அவற்றிற் பதித்தார்; கைப்பிடி மரத்திலும் முத்திரையிட்டார். இப்பரிசோதகர்களுள் ஐன்ஸ்வேத் என்பவரின் எழுத்துகளுக்கு இன்று தனி மதிப்புண்டு. ஏழாம் குதிரைப்படைக்குச் சென்ற துப்பாக்கிகள் அவர் பார்வையிட்டவை. அப்படையின் தளபதி கஸ்ரரும் உடனிருந்த இருநூறுக்கு மேற்பட்டோரும் 1876 யூன் 25ஆம் திகதி லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் மக்களிடம் தோற்று மடிந்தனர்.

மதிப்பு உள்ள இடத்தில் மோசடியும் நுழையுமன்றோ? சாதாரணத் துப்பாக்கியில் அவ்வெழுத்துகளைப் புதிதாய்ப் பொறித்து விற்பவர் உண்டு. ஆனால் இலக்கங்களைக் குழப்பியவர் மோசடிக்காரர் மட்டுமல்லர். படையே அதனைச் செய்தது. 1890களில் பழைய துப்பாக்கிகளை மீளப்பெற்று, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, உறுப்புகளைக் கழற்றிச் செப்பனிட்டு, அகப்பட்ட உறுப்பை அகப்பட்ட சட்டத்திற் பொருத்தி அனுப்பினர். 'பீரங்கிப்படை மாதிரி' எனச் சேகரிப்போர் வழங்குவது இதனையே. ஆகவே இத்தகைய குறுங்குழல் துப்பாக்கியில் இலக்கங்கள் மாறுபட்டிருப்பது இயல்பு. யாவும் ஒத்திருந்தாற்றான் ஐயுற வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. எனினும் செப்பனிடப்பட்ட காலத்திலும் உறுப்புக் கலவாது தப்பியவை சில உண்டு. ஏழரை அங்குலக் குழல் குறையாது எஞ்சியதிலோ இலக்கங்கள் ஒத்திருத்தல் வேண்டும்.

துருவைச் சுரண்டி மெருகிடுவதை இவர்கள் வெறுப்பதன் காரணம் இப்போது விளங்கும். அரத்தால் ஒருமுறை தேய்த்தால் பரிசோதகரின் எழுத்து மங்கும். மறுமுறை தேய்த்தால் மறையும். மெல்லிய எண்ணெய் பூசுவதோடு அறிந்தவர் நின்றுவிடுவர்.

இது பணத்தோடு மட்டும் முடியும் காரியமன்று. 1983இல் லிற்றில் பிக்ஹோர்ன் போர்க்களத்துப் புல்வெளி தீப்பற்றி எரிந்தது. மறுவருடம் அகழ்வாராய்ச்சியாளர் அங்கு உலோகங்காட்டும் கருவிகளுடன் சென்று வெற்றுத் தோட்டாக்களையும் குண்டுகளையும் திரட்டினர். துப்பாக்கியின் ஊசிமுனை தோட்டாவின் அடியிற் பதித்த தழும்பு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். அதனைக் கொண்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எவ்வெவ்விடத்தில் வெடித்தது என்று அவர்கள் பின்தொடர்ந்தனர். கோல்ற்றில் அவ்வூசிமுனை சுத்தியலிலேயே அமைந்துள்ளது. பழைய சுத்தியலைக் கழற்றியெறிந்து புதியது பொருத்திய துப்பாக்கி, கண்ணாடிப் பெட்டியில் எவ்வளவு அழகாய் இருந்தாலும், அத்தோட்டாக்களோடு ஒப்பிட உதவாது.