பெரியம்மாவுக்கு ஓர் இடம்

"முதியோர் இல்லம்" என்ற வார்த்தை காதில் விழுந்தவுடனே, "பெற்றவளைக் கொண்டுபோய் அங்கே தள்ளுவதா?" என்று பொங்கி எழுகிறவர்கள் நம்மில் பலர். நானும் பொங்கியவன்தான். கும்பகோணத்து வீட்டின் ஸ்நான அறையில் எங்கள் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட நாள் வரையில் பொங்கிக்கொண்டே இருந்தேன்.

பெரியம்மாவுக்கு வயது 82. ஒரே பிள்ளைக்குப் புனேயில் உத்தியோகம். அண்ணாவும் மன்னியும் காலையில் புறப்பட்டால் இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள். குடியிருப்பதோ மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. கும்பகோணத்திலேயே வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம். மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். கடைசியில் பெரியம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பாஷை தெரியாத ஊரில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. பேச்சுத் துணைக்கு நாலு பேர் இருக்கிற இடமாகப் பாருங்கள்."

அண்ணா விளம்பரப் பிரசுரங்களை வரவழைத்தான். ஆகா, என்ன படங்கள்! பூந்தோட்டம், பிரார்த்தனை மண்டபம், சிரித்த முகத்துடன் தாத்தாக்கள், பாட்டிகள். அத்தனை படங்களிலும் இருமுகிற கிழவர் ஒருவரைக்கூடக் காணோம்!

தேட ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. ஒரே பெயரில் மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. முதல் வகை, தனி வீடும் பொதுச் சமையலும் உள்ள குடியிருப்பு. நடமாட்டம் உள்ளவர்களுக்கு ஏற்றது. இரண்டாவது, அறையும் உணவும் தோழமையும் தரும் இல்லம். அங்கே குளியல் முதலிய காரியங்களைப் பெரும்பாலும் தாமே செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, படுக்கையிலே இருப்பவர்களையும் ஞாபகம் தவறியவர்களையும் இரவும் பகலும் செவிலியர் வைத்துக் கவனிக்கும் இடம். நம் ஊரில் "நர்ஸிங் ஹோம்" என்றால் சின்ன ஆஸ்பத்திரி என்று அர்த்தமாகிவிட்டபடியால், இந்த மூன்றாவது வகைக்குச் சரியான பெயர்கூட இல்லை. மூன்றாவது வகை உதவி தேவைப்படுகிறவரை இரண்டாவது வகை இடத்தில் சேர்த்துவிட்டு வருந்தும் குடும்பங்கள் எத்தனையோ!

நாங்கள் முதலில் பார்த்த இடத்தில் தரையெல்லாம் சலவைக்கல். "ராத்திரியில் யார் இருப்பார்கள்?" என்று கேட்டேன். "வாசலில் காவற்காரர் இருக்கிறார்" என்று பெருமையுடன் பதில் வந்தது. கள்வர் பயம் இல்லையென்று தெரிந்துகொண்டு திரும்பினோம்.

அடுத்த இடத்துக்குத் தானும் வருவேன் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தாள். அதற்குத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். முன்னறிவிப்பின்றி மத்தியான்னச் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுவரில் வர்ணம் உரிந்திருந்தது. பெரியம்மா அதைக் கவனிக்கவில்லை. "இங்கே எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவர் யாராவது உண்டா? அவர் சம்மதித்தால் பார்க்க வேண்டும்" என்றாள்.

பார்த்தோம். அந்த அம்மாளின் துணி உலர்ந்திருந்தது. அறையில் துர்நாற்றம் இல்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த விவரம் கால்மாட்டில் எழுதித் தொங்கியது. அப்படிச் செய்யாவிட்டால் குதிகாலிலும் இடுப்பின் அடியிலும் படுக்கைப் புண் வந்துவிடும் என்று செவிலி சொன்னாள். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் எதிரே, கொடுத்தவரின் கையெழுத்து இருந்தது. ஸ்நான அறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் இருந்தன.

பெரியம்மா பக்கத்து அறைப் பாட்டியிடம் ரகசியமாகக் கேட்டாள்: "சாப்பாடு எப்படி?"

"ரஸம் சுமார்தான். ஆனால் ராத்திரி மணி அடித்தால் வருகிறார்கள்."

"ரஸத்தை நான் சரி பண்ணிக்கொள்கிறேன்" என்றாள் பெரியம்மா. இடம் முடிவாகிவிட்டது.

பிறகு காகித விவகாரம். முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும்? மருந்து, துணைக்கு ஆள், ஆஸ்பத்திரி வண்டி இவற்றுக்குத் தனிக் கட்டணமா? எல்லாவற்றையும்விட முக்கியமானது: நாளைக்குப் பெரியம்மா படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, அழைத்துப் போகச் சொல்வார்களா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினோம். முதலில் ஒரு மாதம் மட்டும் பரீக்ஷார்த்தமாக இருப்பதென்றும், அதுவரை கும்பகோணத்து வீட்டை விற்பதோ வாடகைக்கு விடுவதோ இல்லையென்றும் தீர்மானித்தோம்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்த முதியவர், அவர்கள் கவனிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம் என்கிறது 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். ஆகவே, அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். பராமரிக்க வேண்டியவர்களே முதியவரைக் கைவிட்டுப் போவதை இதே சட்டம் குற்றமாக்கி, 3 மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. உதவியோ யோசனையோ வேண்டுகிற முதியவர்கள் 14567 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி டெலிபோன் செய்யலாம்.

ஆனால், சட்டம் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. போய்ப் பார்ப்பது! அண்ணா மாதம் ஒரு தடவை வருகிறான். நான் வாரம் ஒரு தடவை போகிறேன். ஒரே நாளில், ஒரே நேரத்தில் போவதில்லை. பார்க்க வருகிற மனிதர் உள்ளவர்களை எந்த இடத்திலும் சற்றுக் கூடுதலாகக் கவனிப்பார்கள். மனித சுபாவம் அப்படி.

மாதம் முடிந்த அன்று, "ஊருக்குப் போகலாமா, பெரியம்மா?" என்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த கும்பகோணத்து வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்" என்றாள்.

அவள் சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ராத்திரியில் பயமில்லாமல் தூங்குகிறாள். சாவியை மட்டும் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.