அடுப்படியைச் சீரமைக்கும்போது மூச்சையும் காப்போம்

தீபாவளி விடுமுறையில் ஒரு நாள் இரவு, ஐம்பது வயதைக் கடந்த தாயார் ஒருவரை அவருடைய மகன் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேசி முடிக்க இயலாத அளவுக்கு அவருக்கு மூச்சுத்திணறல். பல ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்ததால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு ஆளாகி, எங்களிடம் தொடர்ந்து சிகிச்சை பெற்று வருபவர் அவர். மகன் பனியன் நிறுவனம் ஒன்றில் கட்டிங் மாஸ்டர். போனஸ் தொகையைக் கொண்டு, புகை படிந்த பழைய அடுப்படியை நண்பர் ஒருவரின் துணையுடன் தாமே மாற்றியமைக்கத் தொடங்கியிருந்தார்.

"எங்கம்மா புகையில்லாம சமைக்கோணும்னுதானுங்க செஞ்சேன், இதுல எங்கீங்க தப்பாப் போச்சு?" என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கான விடையை, அவர்களின் ஒப்புதலுடன், வாசகர்கள் அனைவருக்கும் இங்கே எழுதுகிறோம்.

நோக்கம் சரியானதே

வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதற்குத் தீர்வு காணும் முயற்சி நம் நாட்டில் புதிதன்று. 1950களிலேயே ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி.ராஜு, எளிய வீடுகளில் மண்ணாலேயே கட்டிக்கொள்ளத்தக்க புகைபோக்கி அடுப்பை வடிவமைத்தார். 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

அண்மையில் நான்கு நாடுகளில் கருவுற்ற பெண்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடத்தியது. விறகு முதலியவற்றால் சமைத்தோர் சுவாசித்த காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம் இருந்தது; எரிவாயுவுக்கு மாறியோரிடம் அது சுமார் 24 ஆகக் குறைந்தது. எனினும், 2022இல் வெளியான முடிவுகளின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அடுப்பை மாற்றுவது தேவையான முதற்படி. ஆனால் அதனால் மட்டுமே எல்லாம் சீராகிவிடாது என்பதையே இது உணர்த்துகிறது.

பிழை எங்கே நேர்ந்தது?

பிழை அடுப்படியில் இல்லை. அதனை அமைத்த முறையில் இருந்தது. பழைய மேடையை உடைத்ததும், டைல்ஸையும் கடப்பா கல்லையும் கட்டிங் மெஷினால் உலர்ந்த நிலையில் அறுத்ததும், சுவர்ப் பட்டியைத் தேய்த்ததும் அந்தச் சிறிய அறைக்குள்ளேயே நடந்தன. தூசு தெருவுக்குப் போகக் கூடாதென்று சன்னலையும் மூடியிருந்தனர். தாயார் அடுத்த அறையில் படுத்திருந்தார். இடையில் ஒரு பழைய சேலையே திரை.

டைல்ஸ், கிரானைட், சிமென்ட் ஆகியவற்றின் தூசில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் கல் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் நோய் வருகிறது. ஆஸ்துமா உள்ளவர்க்கும் மூச்சுக்குழாய் அடைப்பு உள்ளவர்க்கும் சில நாள் தூசே போதும். மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிவிடும்.

வேலை நடக்கும் நாட்களில்

நோயாளி, குழந்தைகள், கருவுற்றோர் ஆகியோரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கல்லையும் டைல்ஸையும் அளவு கொடுத்துக் கடையிலேயே அறுத்து வாங்குங்கள். வீட்டில் அறுத்தே ஆக வேண்டுமெனில், நீர் பாயும் அமைப்புள்ள இயந்திரத்தை வெளியிடத்தில் பயன்படுத்துங்கள். சாதாரண மின் கருவியின்மீது கையால் நீர் ஊற்றினால் மின்னதிர்ச்சி ஏற்படலாம். துணி முகக்கவசம் நுண்தூசைத் தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்தும் என்-95 கவசம் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதனைத் துளையிடவோ அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் இழைகள் புற்றுநோய் விளைவிப்பவை. ஈரச் சிமென்ட் கலவை தோலைப் புண்ணாக்கும்; ரப்பர் கையுறை அணியுங்கள். பெயின்ட் வாடை முற்றிலும் நீங்கிய பின்னரே நோயாளி வீடு திரும்ப வேண்டும்.

காற்றுக்கு வழி விடுங்கள்

பளபளப்பான டைல்ஸைவிடக் காற்றோட்டத்துக்கே முதலில் செலவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் அடுப்புக்கு அருகே, சுவரின் உயரத்தில், வெளிப்புறம் நோக்கி அமைய வேண்டும். புதிய காற்று நுழைய எதிர்ப்புறம் சன்னலோ கதவோ திறந்திருந்தால்தான் அது பயன் தரும். ஒரே வாசலுள்ள லைன் வீடுகளில் கதவுக்கு மேல் ஃபேனைப் பொருத்தி, சமைக்கும்போது கதவைத் திறந்து வைக்கலாம். தாளிப்பின் நெடியும் மூச்சைத் தாக்கும் என்பதால், சமையல் முடிந்த பின்னும் சிறிது நேரம் ஃபேன் ஓடட்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எனவே தரைமட்டத்திலும் ஒரு காற்றுத் துளை தேவை. சிலிண்டர் நிமிர்ந்தும், அடுப்பு அதைவிட உயரத்திலும் இருக்கட்டும். குழாயைச் சுவருக்குள் மறைக்காதீர்கள். வாடை வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

பேச்சு தடைபடுதல், உதடு நீலம் பாய்தல், இன்ஹேலர் எடுத்தும் மூச்சு தணியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

அந்தத் தாயார் எட்டாம் நாள் உடல் தேறினார். அவிநாசியிலுள்ள தங்கை வீட்டில் தங்கி, வேலை முடிந்த பின்னரே தம் வீடு திரும்பினார். மறுபரிசோதனைக்கு வந்தபோது புதிய அடுப்படியைப் பற்றி மகிழ்வுடன் கூறினார். வெந்நீர் எப்படிப் போடுகிறீர்கள் என்று வினவினோம். வாசலோரம் பழைய அடுப்பில், மகன் கொண்டுவரும் கட்டிங் வேஸ்ட் துணியை எரித்துத்தான் என்றார். செயற்கை இழை கலந்த துணியின் புகை விறகுப் புகையினும் கொடியதாகலாம் என்று விளக்கினோம். மகன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அதையும் மாத்திடறேனுங்க டாக்டர்" என்றார்.

உங்கள் வீட்டிலும் அந்த வெந்நீர் அடுப்பை ஒருமுறை பாருங்கள். சீரமைப்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.