இருவருக்காக உண்பதா?

"வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துச் சாப்பிடு" என்பார் பாட்டி. "அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும்" என்பார் அத்தை. கருவுற்றிருக்கும் என் தமக்கைக்கு ஒரே வீட்டில் கிடைத்த அறிவுரைகள் இவை. மனையியல் மாணவி என்ற முறையில் இரண்டையும் ஆராய்ந்தேன். இரண்டுமே தாய்க்கு நன்மை செய்வன அல்ல.

பேறுகாலத்தில் ஏறும் எடை முழுவதும் கொழுப்பு என்றே பலர் எண்ணுகின்றனர். சுமார் 12 கிலோ ஏறினால் அதில் குழந்தை 3 கிலோ. நஞ்சும் பனிக்குட நீருமாக ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கருப்பை ஒரு கிலோ. புதிதாக ஊறும் இரத்தம் ஒரு கிலோவுக்கு மேல். மார்பகமும் உடல்நீரும் போகக் கொழுப்பாகச் சேர்வது 3 கிலோ அளவுதான். அதுவும் பின்னர்ப் பாலூட்டுவதற்கான சேமிப்பு. பிள்ளை பெருக்குமென்று அஞ்சித் தாய் வயிற்றைக் கட்டினால், குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கக்கூடும்.

எல்லோர்க்கும் ஒரே அளவு பொருந்தாது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-இல் வகுத்தபடி, மெலிந்தவர் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம். பருத்தவருக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். நம் நாட்டில் பொதுவாக 10 முதல் 12 கிலோ என்பர்.

அப்படியானால் பாட்டி சொன்ன இருமடங்கு எதற்கு? முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு அநேகமாகத் தேவையே இல்லை. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் குறித்த கூடுதல் அளவு நாளொன்றுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம், கணக்கு முடிந்தது! சோற்றைக் கூட்டுவதைவிடப் பருப்பு, சுண்டல், முட்டை, கீரை ஆகியவற்றைக் கூட்டுவதே அறிவுடைமை. ஆனால் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கம் உள்ள வீட்டில் எந்த அட்டவணையும் பயன் தராது என்பது என் எண்ணம்.

உடற்பயிற்சி என்றதும் அஞ்ச வேண்டாம். மருத்துவர் தடை சொல்லாதவரை வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். இரத்தக்கசிவோ தலைச்சுற்றலோ கண்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எடைக் கருவியைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கித் தலைவலியும் சேர்ந்தால், அது உணவால் வந்ததன்று. இரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.