மக்காச்சோளத்தில் சிப்ஸ்: சுண்ணாம்பு செய்யும் வேலை

குஜிலியம்பாறை வட்டாரத்தில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்படும் மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில் களத்துக்கு வருகிறது. அங்கிருந்து பெரும்பகுதி கோழித்தீவனத்துக்காக லாரி ஏறிவிடுகிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அதாவது கிலோவுக்கு 24 ரூபாய். அதே தானியம் முக்கோண வில்லைகளாகப் பொரிக்கப்பட்டு, 'டார்ட்டில்லா சிப்ஸ்' என்று பளபளக்கும் பையில் கடைக்கு வரும்போது விலையே வேறு. இடையில் நடக்கும் முக்கிய வேலையைச் செய்வது, நம் வெற்றிலைப் பெட்டியில் உள்ள சுண்ணாம்புதான்.

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. அந்நாட்டுப் பெண்கள் தானியத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, இரவு ஊறவிட்டு, கழுவி, கல்லில் அரைத்து ரொட்டி தட்டினார்கள். அந்த ரொட்டியே டார்ட்டில்லா. இம்முறை மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது.

1492க்குப் பின் ஐரோப்பியர் விதையைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பு முறையை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளமே முழு உணவாகிப்போன ஏழைகளுக்குத் தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் சித்தபிரமையும் கண்டன. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் கசால் 1735இல் இதைப் பதிவு செய்தார். 'பெல்லாக்ரா' எனும் இந்நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஏராளமானோரைப் பலிகொண்டது. நியாசின் என்ற வைட்டமின் குறைவே காரணம் என்பது 1937இல் தெளிவாயிற்று. மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமலில்லை. ஆனால் உடலுக்குக் கிட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அக்கட்டை அவிழ்க்கிறது. பருப்பும் கடலையும் மோரும் சேர்த்து உண்ணும் நம்மவர் இந்நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை.

சுண்ணாம்பு இன்னொன்றும் செய்கிறது. கோதுமை மாவின் இழுவை மக்காச்சோளத்துக்குக் கிடையாது. வெறும் மாவைப் பிசைந்து தேய்த்தால் விரிந்துவிடும். சுண்ணாம்பில் வெந்த தானியமோ தோல் கழன்று, மாவு ஒட்டிக்கொள்ளும்.

சிப்ஸ் பிறந்தது கழிவிலிருந்து. 1940களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரெபெக்கா வெப் கரான்சா குடும்பத்தாரின் டார்ட்டில்லா ஆலையில், இயந்திரம் கோணலாகத் தள்ளிய ரொட்டிகள் வீணாயின. அந்த அம்மையார் அவற்றை முக்கோணமாக நறுக்கிப் பொரித்து விற்றார். நறுக்கிய அப்பளத்தைப் பொரிப்பது போன்ற எளிய யோசனைதான்!

வீட்டில் ஒரு கிலோவில் செய்து பார்க்கலாம். மூன்று லிட்டர் நீரில் 10 கிராம் சுத்தமான வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தானியத்தைப் போட்டு அரை மணி நேரம் வேகவிடவும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. இறக்கி மூடி வைத்து, மறுநாள் காலை மூன்று நான்கு தண்ணீரில் தோல் போகத் தேய்த்துக் கழுவி, கிரைண்டரில் கெட்டியாக அரைக்கவும். இங்கேதான் பலர் தவறுவார்கள். மாவு சற்றுக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். நைசாக அரைத்தால் ஆவி வெளியேற வழியின்றிப் பூரிபோல் உப்பிவிடும். உப்புச் சேர்த்து மெல்லியதாகத் தேய்த்து, தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டி, ஆறவிட்டு நறுக்கிப் பொரிக்கவும். வாட்டாமல் பொரித்தால் எண்ணெய் அதிகம் குடிக்கும்.

தானியத்தைத் தேர்வதில் கண்டிப்பு வேண்டும். மருந்து தடவிய விதையில் மிச்சமானதை ஒருபோதும் உணவில் சேர்க்கக் கூடாது. தார் ரோட்டில் உலர்த்தியதும் வேண்டாம். தார்ப்பாயில் 12 சத ஈரத்துக்குக் காய்ந்த, பூஞ்சணம் பிடிக்காத மணிகளே ஏற்றவை. பூஞ்சண நஞ்சைச் சுண்ணாம்பு ஓரளவு குறைக்கும் என்பதை நம்பிக் கறுத்த மணியைச் சேர்ப்பது ஆபத்து.

விற்பனைக்கு இறங்குமுன் சிப்ஸைப் பையில் அடைத்து ஒரு மாதம் வைத்துப் பார்க்கவும். நமுத்துப் போனாலோ சிக்கு வாடை அடித்தாலோ பையை மாற்ற வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். இயந்திரம் வாங்குவது இதற்கெல்லாம் பிறகுதான். ரகம் பற்றிய ஆலோசனைக்குப் பழநி அருகே வாகரையில் உள்ள மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தையும், மற்ற விவரங்களுக்குக் காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.