பி.டி. பீரியடைத் திருப்பிக் கேளுங்கள்

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் கேபிள் இணைப்பு துண்டிக்கப்படும். பந்தும் மட்டையும் பரணுக்கு ஏறும். ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பமே கிளம்பினாலும் அந்தப் பிள்ளை மட்டும் பாட்டியின் காவலில் வீட்டில் இருக்கும். பள்ளியிலோ, பி.டி. பீரியட் மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர் உள்ளே வந்து, “போர்ஷன் முடியலப்பா, நோட்டை எடுங்க” என்பார். ஒரு வருடம் பொறுத்துக்கொண்டால் போதும் என்று நாமும் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். அந்த ஒரு வருடம் இப்போது ஆறாம் வகுப்பிலேயே, ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிவிடுகிறது.

பெற்றோரும் ஆசிரியரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. ஆனாலும் பிள்ளையிடமிருந்து எடுக்கப்படுவது சட்டம் அதற்குக் கொடுத்த உரிமை. அந்த உரிமை என்ன, அதை இழந்தால் என்ன கேடு, மீட்பதற்கு என்ன வழி என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இலக்கு மாறியது, பிள்ளையின் நாள் மாறவில்லை

பள்ளிச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-லேயே அறிக்கை தந்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததால், 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளை வாட்டுகிறது என்று 2025-26 முதல் அது கைவிடப்பட்டது.

தாளில் இலக்கு இப்படி மாறிக்கொண்டே வந்தது. இன்னொரு பக்கம், நுழைவுத்தேர்வை 2006-இல் சட்டம் இயற்றி ஒழித்த மாநிலத்தில் 2017-இல் நீட் வந்து நின்றது. பள்ளி முடிந்ததும் கோச்சிங் சென்டர், அது முடிந்ததும் வீட்டுப்பாடம் என்று பிள்ளையின் நாள் நீண்டது. நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது விளையாட்டு. அடுத்து தூக்கம்.

சட்டம் சொல்வது இதுதான்

ஓய்வு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றைக் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. 1989-இல் உருவான அந்த உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது.

நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. இலவசச் சேர்க்கையோடு அது முடிந்துவிடுவதில்லை. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் தர வேண்டும், நாளிதழ், கதைப் புத்தகங்களோடு நூலகம் வேண்டும் என்று அதன் அட்டவணை பட்டியலிடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படித்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களும் வேண்டும். இந்த விதிகள் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். திடல் இல்லாத பள்ளி, அங்கீகாரத்துக்கான நிபந்தனையை நிறைவேற்றாத பள்ளி.

அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையை எல்லார் முன்பும் எழுப்பி அவமானப்படுத்துவதும் மனத்துன்புறுத்தல்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம இடம் தருகிறது. விளையாட்டு வகுப்பில் அந்தப் பிள்ளையை வகுப்பறையில் தனியாக உட்கார வைப்பது அச்சட்டத்துக்கு விரோதமானது.

இழந்தால் என்ன கேடு?

5 முதல் 17 வயது வரையிலானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக இயங்கும்படி ஓடி ஆட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருந்து, இரண்டும் கணக்குக்குப் போய்விட்டால் அந்த 60 நிமிடத்துக்கு எங்கே போவது?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும் தெருவில் விளையாடுவது நின்றுவிடுகிறது. அவர்களில் பலருக்குப் பள்ளித் திடல் ஒன்றுதான் மிச்சம். அங்கேயும் விளையாட்டு வகுப்பு பறிபோனால் ஓடுவதற்கு வேறு இடமே இல்லை.

திடல் பூட்டப்பட்டால் பொழுதுபோக்கு செல்போனுக்குள் போகிறது. அங்கே பணத்துக்கும் ஆபத்து. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. அப்படியும் கள்ளச் செயலிகள், போலி லிங்குகள் வழியாகப் பிள்ளைகளைத் தேடி வருபவர்கள் உண்டு. அப்பாவின் யு.பி.ஐ. பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் வீட்டில் இந்த ஆபத்து இரட்டிப்பு.

கோச்சிங்கில் சேர்க்கும் முன்

ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது. வார விடுமுறை கட்டாயம், அதற்கு மறுநாள் தேர்வு வைக்கக் கூடாது. முழுக் கட்டணம் கட்டிய பிள்ளை நடுவில் விலகினால், மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இவற்றை மாநிலங்கள்தான் சட்டமாக்கி நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதால், இப்போதைக்கு நெறிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது. சேரும் முன்பே கட்டணம் திரும்பும் விதியை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ‘செலக்‌ஷன் உறுதி’ என்ற விளம்பரத்தை நம்பி மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

என்ன செய்யலாம்?

1. கால அட்டவணையைக் கேளுங்கள். பி.டி., ஓவியம், நூலக வகுப்புகள் தாளில் இருக்கின்றனவா, நடக்கின்றனவா என்று பிள்ளையிடம் வாரம் ஒருமுறை விசாரியுங்கள்.

2. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான். உங்கள் கோரிக்கை தீர்மானமாக எழுதப்படுவதை உறுதி செய்யுங்கள்.

3. தனியார் பள்ளி என்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். பெயர் வெளியே தெரிந்தால் பிள்ளையைக் குறிவைப்பார்களோ என்ற பயம் நியாயமானது. பத்துப் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் அந்தப் பயம் குறையும்.

4. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

5. தெருவில் திடல் இல்லையா? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆக்கிரமிப்பு தெரிந்தால் கிராமசபையிலோ வார்டு கவுன்சிலரிடமோ எழுப்புங்கள்.

6. பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், தூக்கம் கெட்டால், “செத்துப்போகலாம்போல இருக்கு” என்று ஒரு தடவை சொன்னால்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியிருக்கிறது. உங்கள் பள்ளியில் அவர் யார் என்று கேளுங்கள்.

7. அவசர எண்களைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, தமிழகப் பள்ளிக்கல்வித் துறைக்கு 14417, ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

விளையாட்டையும் இன்னொரு போட்டித் தேர்வாக்கிவிடாதீர்கள். நீச்சல் வகுப்பு, செஸ் வகுப்பு, அபாகஸ் என்று மாலையை நிரப்பி, “எந்த மெடல் வாங்கினே?” என்று கேட்டால் பிள்ளைக்கு ஓய்வு கிடைக்காது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்கும் ஓடுவதற்கு உரிமை உண்டு. எந்தப் பயனும் கருதாமல் கபடியோ கண்ணாமூச்சியோ ஆடும் ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

படிப்பா விளையாட்டா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே தவறானது. இரண்டும் ஒரே சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைகள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், இந்த வாரம் பி.டி. பீரியட் நடந்ததா என்று கேளுங்கள்.