வேலை தேடாதவர்களின் கணக்கு

வேலையின்மை குறைந்துவிட்டதென்று புள்ளிவிவரம் அறிவிக்கும்போது, வேலை கிடைத்ததனால் குறைந்ததா, தேடிச் சலித்தவர்கள் தேடுவதையே கைவிட்டதனால் குறைந்ததா என்று விசாரிப்பது அவசியம். ஏனெனில் வேலை தேடாமலும் அதற்குத் தயாராக இல்லாமலும் இருப்பவர் அக்கணக்கில் வேலையற்றவராகச் சேராமல், உழைப்போர் தொகையிலிருந்தே நீங்கிவிடுகிறார். 1930-களின் பெருமந்தத்தை ஆராய்ந்து 1940-இல் எழுதிய பொருளியலாளர் வோய்டின்ஸ்கி, குடும்பத்தலைவன் வேலையிழந்தால் மனைவியும் மக்களும் வேலை தேடி வெளிப்படுவார்கள் என்றார். நம்பிக்கையிழந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டும் ஒரே தெருவில் நிகழக்கூடியவை.

இந்தியாவில் 2017-18-இல், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 23.3 பேர்தான். வசதி பெருகியதும் பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள் என்ற வியாக்கியானத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் காவிரிப் படுகையில் கதிரறுப்பை அறுவடை இயந்திரம் பறித்துக்கொண்டு, மிஞ்சியது பஸ் ஏறிப் போகவேண்டிய தொலைவிலுள்ள வேலையென்றான பிறகு, கைக்குழந்தையை யாரிடம் ஒப்படைப்பதென்று திகைத்து நின்றவளை விருப்பமில்லாதவள் என்று எப்படிச் சொல்வது? அவள் வீட்டுக்காக விறகும் மாட்டுத்தீவனமும் சேகரித்துக்கொண்டிருந்தாலும், கணக்கெடுப்பில் வீட்டுக்காரியம் பார்ப்பவளே.

2005-ஆம் ஆண்டு ஊரக வேலையுறுதிச் சட்டத்தின்படி 2006 பிப்ரவரியில் தொடங்கிய நூறு நாள் வேலை, தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் முதலில் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி, ஐந்து கிலோமீட்டருக்குள் பணி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்ற நிபந்தனைகளோடு ஏரி வேலை ஊருக்கே வந்தபோது, விருப்பமில்லாதவர்களாகக் கருதப்பட்ட பெண்கள் திரண்டு வந்து, பிற்காலத்தில் மாநிலத்தின் மொத்த வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தாங்களே செய்தார்கள். வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மிராசுதார்கள் அங்கலாய்த்தார்கள். தாம் கொடுத்த கூலி எவ்வளவென்பதை மட்டும் அவர்கள் பிரஸ்தாபிப்பதில்லை.

உழைப்புச் சந்தையில் இருந்த பெண்களைக் குறித்த அந்த 23.3 என்பது 2023-24-இல் 41.7 ஆக உயர்ந்தது. ஆயினும் புதிதாக வந்தவர்களில் கணிசமானவர்கள் கிராமப்புறத்துச் சுயதொழில் செய்வோரும், குடும்பத்தின் நிலத்திலும் கடையிலும் கூலியின்றி உதவுவோருமாக இருப்பதைப் பார்க்கும்போது, அவர்களை அழைத்தது சந்தையின் செழிப்பா, வோய்டின்ஸ்கி கண்ட நெருக்கடியா என்ற சந்தேகம் எழுகிறது. பின்னதன் பங்கே பெரிதென்பது என் அபிப்பிராயம்.