புதுக் காரில் காந்தி மார்க்கெட்டுக்கு

சமயபுரத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்துவந்த மறுநாள். விடியற்காலை நாலரை மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். வீட்டில் விசேஷம், காய்கறி மொத்தமாக வாங்க வேண்டும். காரின் விலை, மைலேஜ், நிறம் எல்லாம் ஏற்கெனவே அலசித் தீர்த்தவை. ஆனால் அந்த வண்டி என்னை வசப்படுத்தியது காவிரிப் பாலத்தின் மேல்தான்.

பின்னால் ஒரு காய்கறி லாரி. அதன் ஹெட்லைட் உள்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கண்ணாடிக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு நாக்கு உண்டு. அதைத் தட்டினேன். லாரி அங்கேயேதான் இருந்தது. அதன் வெளிச்சம் மட்டும் அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பேட்டரி இல்லை, வயர் இல்லை. பிறகு எப்படி?

அந்தக் கண்ணாடி தட்டையானது அல்ல. மேலே தடிப்பு, கீழே மெலிவு: மரம் பிளக்கும் ஆப்பு போன்ற வடிவம். அதன் பின்பக்கத்தில் ரசம் பூசியிருக்கிறது. பகலில் நாம் பார்ப்பது அந்த ரசம் காட்டும் பளிச்சென்ற பிம்பம். ஆனால் ரசம் பூசாத முன்பக்கமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இரவுப் பேருந்தின் ஜன்னலில் நம் முகம் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். ஆப்பு வடிவத்தால் இந்த இரண்டு பிம்பங்களும் வேறு வேறு திசையில் போகின்றன. நாக்கைத் தட்டியதும் கண்ணாடி லேசாகச் சாய்கிறது; பளிச்சென்ற பிம்பம் கூரைக்குப் போய்விட, அந்த நாலு பங்கு மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. ஒரே கண்ணாடிக்குள் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடிகளை வைத்த மூளையை என்னென்று சொல்ல!

காந்தி மார்க்கெட் 1868இல் உருவானது. காரல் பென்ஸ் தன் மோட்டார் வண்டியை ஓட்டிக்காட்ட இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. கார் என்ற ஒன்றே இல்லாத காலத்துச் சந்தையில், ‘குட்டியானை’ வேனுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே ரிவர்ஸ் எடுப்பது என்றால் புதிதாக ஓட்டுகிறவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அங்கேதான் பின் பம்பரில் பதித்திருந்த, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வட்டங்கள் கைகொடுத்தன. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இந்த சென்சார் கட்டாயம்.

ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதிர்ந்தால் மின்சாரம் தரும். இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். ஆகவே ஒரே வில்லை வாயாகவும் காதாகவும் வேலை செய்கிறது. நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள். நம் காதுக்கு எட்டுவது 20,000 வரைதான். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் லாரியில் பட்டு எதிரொலி திரும்ப ஆகும் நேரம், நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அந்த ஒலி பதினைந்து முறை போய்வந்துவிடலாம். அந்த நேரத்தை அளந்து, அது குறையக் குறைய எச்சரிக்கை ‘பீப்’ ஓசையை வண்டி வேகப்படுத்துகிறது.

மிக அருகில் போனால் ஏன் விடாமல் ஒரே ஓசை? கோயில் மணியை அடித்த பின்னும் ரீங்காரம் அடங்கச் சற்று நேரமாகும் அல்லவா? வில்லையும் அப்படித்தான். தன் அதிர்வே அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிட்டால் அதனால் பிரித்துக் கேட்க முடியாது. அதனால் சுமார் 30 செண்டிமீட்டருக்குள் வந்ததும் தூரம் சொல்வதை விட்டுவிட்டு ‘நில்’ என்று மட்டும் கத்துகிறது. ஒன்றை மறக்கக் கூடாது: இரும்பும் சுவரும் ஒலியை நன்றாகத் திருப்பும், துணியும் பஞ்சும் கொஞ்சம் விழுங்கிவிடும். கடைத் திரைச்சீலைக்கு முன்னால் கண்தான் துணை.

காய்கறி வாங்கி முடித்ததும், மூட்டு வலிக்காரரான அம்மா குனியாமல், எக்காமல், சட்டென்று சீட்டில் அமர்ந்தார். நிற்பவரின் இடுப்பு உயரத்துக்கும் சீட்டின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்தால் மூட்டுக்கு வேலை குறைவு. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோவின் உயரமான கூரை நினைவிருக்கிறதா? அந்த உயரம்தான் நிமிர்ந்து உட்காரும் சீட்டுக்கு இடம் கொடுத்தது.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க். டேங்க் மூடி எந்தப் பக்கம்? பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி சொல்லிவிட்டது. 1986இல் ஒரு மழை நாளில் ஃபோர்டு நிறுவனத்தின் ஜிம் மொய்லன் அலுவலகக் காரைத் தவறான பக்கம் நிறுத்தி, நனைந்துபோனார். உடனே மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1989 மாடல்களில் அம்புக்குறி வந்துவிட்டது. செலவு, ஒரு துளி மை. இன்று உலகம் முழுக்க எத்தனையோ நிறுவனங்களின் கார்களில் அந்த மழை நாள் இருக்கிறது.

வீட்டு வாசலில் அம்மா ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கையை விட்டார். டப்பென்று அடிக்கும் என்று நினைத்திருப்பார் போலும். அது சத்தமில்லாமல் நிதானமாக மேலே மடிந்தது. உள்ளே இழுக்கும் ஸ்பிரிங்கைக் கெட்டியான சிலிக்கோன் பசை தடுத்துப் பிடிக்கிறது. தேனில் கரண்டியை மெல்ல இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் முரண்டு பிடிக்கும், அதே பாகுத்தன்மை.

“ஏன்டா, இதுக்குள்ள யாராவது உக்காந்து பிடிச்சுக்கறாங்களா?” என்று கேட்டுவிட்டு, காய்கறிப் பையைக் கீழே வைத்து, கைப்பிடியை இன்னொரு முறை இழுத்து விட்டுப் பார்த்தார்.